ஜூன் 25: ஒரே தேதிக்குள் இத்தனை ஆட்டங்களா? (விவாத இழை)

பால்கனிக்காரன்:

ஜூன் 25 என்றதும் நமக்கெல்லாம் 1983தான் ஞாபகம் வரும். லார்ட்ஸ் பால்கனி, கபில் தேவ் கையில் கோப்பை. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தேதியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் விளையாட்டு வரலாற்றில் பாதி அங்கேதான் கிடக்கிறது போலிருக்கிறது.

1932 ஜூன் 25 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடத் தொடங்கியது. அதுவும் அதே லார்ட்ஸ் மைதானத்தில்தான். 1978 ஜூன் 25 அன்று அர்ஜென்டினா முதல்முறையாக உலகக் கோப்பையை வென்றது. 1988 ஜூன் 25 அன்று ஐரோப்பியக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அந்தக் கோலை அடித்தார். எந்தக் கோல் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1994 ஜூன் 25 அன்றுதான் மரடோனா உலகக் கோப்பையில் கடைசியாக ஆடினார்.

இந்தத் தேதியின் மிகப் பெரிய தருணம் எது, ஏன் என்று எல்லோரும் எழுதுங்கள். ஜெயித்தவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இதே தேதியில் தோற்றவர்களையும் ஏமாற்றப்பட்டவர்களையும் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பழைய வானொலி:

தம்பி, நல்ல இழை. 1983ஐப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று சனிக்கிழமை முழுவதும் சிற்றலை ரேடியோவை விட்டு எழுந்திருக்காதவர்களில் நானும் ஒருவன். அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் டிவி வரவில்லை. சென்னைக்காரர்கள் பார்த்தார்கள், நாங்கள் கேட்டோம்.

இப்போது அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கபில் பின்னால் ஓடிப் பிடித்த ரிச்சர்ட்ஸ் கேட்சிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸ் தலைவர் லாயிட் டாஸ் ஜெயித்து நம்மை ஆடச் சொன்னார். எதிரே ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். அந்த நால்வரையும் வைத்துக்கொண்டு யாருக்கும் அடித்து ஆடத் தைரியம் வராது. நம்ம சென்னை ஸ்ரீகாந்துக்கு வந்தது. ராபர்ட்ஸ் பந்தை முட்டி போட்டு ஸ்கொயர் டிரைவ் அடித்தாரே, அது ஒன்றுக்கே அன்றைய காசு சரியாகிவிட்டது. 57 பந்தில் 38 ரன். ஏழு பவுண்டரி, ஒரு சிக்ஸர். அந்த ஆட்டம் முழுவதிலும் இரண்டு பக்கமும் சேர்த்து அதுதான் அதிகபட்ச ஸ்கோர். ரிச்சர்ட்ஸுக்கே 33தான்.

நாம் 183க்கு ஆல் அவுட். 60 ஓவர் ஆட்டத்தில் 54.4 ஓவர்தான் நின்றோம். அதிலும் கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியும் சந்துவும் சேர்த்த 22 ரன் இல்லையென்றால் 161. மார்ஷலின் பவுன்சர் சந்துவின் ஹெல்மெட்டில் அடித்தது. அவர் தடவிக்கூடப் பார்க்காமல் நின்றார். அதே சந்துதான் பிறகு கிரினிட்ஜ் ஆடாமல் விட்ட பந்தை உள்ளே திருப்பி ஸ்டம்பைக் கழற்றினார். என்னைக் கேட்டால் கோப்பை அங்கேதான் நம் பக்கம் நகர ஆரம்பித்தது.

சிங்காநல்லூரான்:

வானொலி ஐயா, சீக்காவை, அதாவது நம்ம ஸ்ரீகாந்தை, நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஆட்டநாயகன் மொஹிந்தர் அமர்நாத்தான். 26 ரன்னும் 12 ரன்னுக்கு 3 விக்கெட்டும். அரையிறுதியிலும் அவரேதான் ஆட்டநாயகன். வேகமே இல்லாமல், ஏதோ தெருவில் நடந்து வருவது போல வந்து போட்ட பந்துகள் அவை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வெஸ்ட் இண்டீஸ் 76க்கு 6 ஆனதும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டூஜோனும் மார்ஷலும் அங்கிருந்து 119 வரை கொண்டுபோனார்கள். வேண்டியது 184தான், ஓவரும் ஏராளமாக இருந்தது. அந்த இருவரையும் பிரித்தது அமர்நாத். டூஜோன் போல்டு, மார்ஷல் ஸ்லிப்பில் கவாஸ்கரிடம் கேட்ச். கடைசியாக ஹோல்டிங்கையும் எல்பிடபிள்யூ ஆக்கி 140ல் முடித்தவர் அவர். ரிச்சர்ட்ஸ் கேட்ச் படத்துக்கு அழகு. ஆட்டத்தை முடித்து வைத்தது அமர்நாத்.

பத்தாம் நம்பர் சட்டை:

கிரிக்கெட் ஆட்கள் கொஞ்சம் நகருங்கள். கால்பந்துக்கு இந்தத் தேதி எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று பார்க்கலாம்.

மரடோனாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஜூன் 25, மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானம், பெல்ஜியத்துக்கு எதிரான அரையிறுதி. 2-0. இரண்டு கோலும் அவருடையவை. மூன்று நாளுக்கு முன்னால் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த கோலைத்தான் உலகம் பேசுகிறது. ஆனால் பெல்ஜியத்துக்கு எதிரான இரண்டாவது கோலைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள். எதிரே வரிசையாகத் தடுப்பாட்டக்காரர்கள், நடுவில் இடமே இல்லை, அதற்குள் புகுந்து உடம்பு சாய்ந்த நிலையில் அடிக்கிறார்.

சரியாக எட்டு வருடம் கழித்து, 1994 ஜூன் 25, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஃபாக்ஸ்பரோ. நைஜீரியா முதலில் கோல் போட, கனிஜியா இரண்டு போட்டு அர்ஜென்டினா 2-1 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் ஒரு மருத்துவ உதவியாளர் வந்து மரடோனாவின் கையைப் பிடித்து ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்துப் போனார். அவர் சிரித்துக்கொண்டே போனார். சோதனையில் எபெட்ரின் இருந்தது தெரிந்து போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். அதன்பிறகு அர்ஜென்டினாவுக்காக அவர் ஆடவே இல்லை.

ஒரே மனிதர், ஒரே தேதி. ஒன்றில் உச்சம், இன்னொன்றில் முடிவு. என் ஓட்டு இதற்குத்தான்.

கிள்ளான் தம்பி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பால்கனிக்காரன் அண்ணன் 1932ஐ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆடினார் தெரியுமா? லால் சிங். கோலாலம்பூரில் பிறந்தவர். இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியில் மலாயாவிலிருந்து போன ஒரே ஆள்.

அன்று காலை இங்கிலாந்துதான் முதலில் ஆடியது. மொஹம்மத் நிசார் ஓடி வந்து சட்கிளிஃப், ஹோம்ஸ் இருவரின் ஸ்டம்பையும் பறக்கவிட்டார். அந்த இருவரும் சில நாட்களுக்கு முன்புதான் யார்க்ஷயருக்காகச் சேர்ந்து 555 ரன் எடுத்து உலக சாதனை படைத்தவர்கள்! பிறகு ஃபிராங்க் வூலி ரன் அவுட். அதைச் செய்தது லால் சிங். இங்கிலாந்து 19க்கு 3. முதல்முறையாக டெஸ்ட் ஆட வந்த அணி இது.

இரண்டாவது இன்னிங்ஸில் எல்லோரும் போன பிறகு அமர் சிங்கும் லால் சிங்கும்தான் எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன் சேர்த்தார்கள். அமர் சிங் அடித்த 51தான் டெஸ்டில் இந்தியாவின் முதல் அரைசதம். கடைசியில் 158 ரன் வித்தியாசத்தில் தோல்வி. லால் சிங்குக்கு அந்த ஒரு டெஸ்ட்தான். பின்னாளில் கோலாலம்பூருக்கே திரும்பிவிட்டார். இங்கே இளைய ஆட்களிடம் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

பால்கனிக்காரன்:

கிள்ளான் தம்பி, இதற்காகத்தான் இழையைத் திறந்தேன். 1932 அணியைப் பற்றி இன்னும் ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சுற்றுப்பயணத்துக்குத் தலைவராகப் போனவர் போர்பந்தர் மகாராஜா. தன் ஆட்டத்தின் அளவு அவருக்கே தெரியும். லார்ட்ஸ் டெஸ்டுக்கு அவர் ஒதுங்கிக்கொண்டு சி.கே.நாயுடுவைத் தலைவராக்கினார். பணமும் பட்டமும் இருந்தால்தான் தலைவர் என்றிருந்த அந்தக் காலத்தில் அது சாதாரண முடிவு இல்லை. நாயுடு கையில் அடிபட்ட பிறகும் முதல் இன்னிங்ஸில் 40 எடுத்தார். அந்த இன்னிங்ஸில் நம் அணியில் அதுதான் அதிகம்.

நிசாரின் 93க்கு 5 விக்கெட்டும் அந்த முதல் இன்னிங்ஸில்தான். முதல் டெஸ்டிலேயே நம் வேகப்பந்து வீச்சாளர் ஐந்து விக்கெட் எடுத்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

ராயபுரம் பாக்சர்:

குத்துச்சண்டையை யாரும் தொடவில்லையே! எங்கள் வடசென்னையில் பழைய ஆட்கள் ஜோ லூயிஸ் பெயரைச் சொல்லாமல் பேச்சை முடிக்க மாட்டார்கள்.

ஜோ லூயிஸுக்கு ஜூன் 25 இரண்டு முறை வந்தது. இரண்டும் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில். 1935ல் இத்தாலிக்காரர் பிரிமோ கர்னேராவை ஆறாவது சுற்றில் சாய்த்தார். கர்னேரா மலை மாதிரி ஆள், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன். முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் அந்தச் சண்டையை வெறும் விளையாட்டாகப் பார்க்கவில்லை.

அடுத்தது 1948. ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மறு ஆட்டம். முதல் ஆட்டத்தில் வால்காட்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்று பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். இந்த முறையும் மூன்றாவது சுற்றில் லூயிஸை அவர் கீழே விழவைத்தார். லூயிஸ் பொறுத்திருந்து பதினோராவது சுற்றில் நாக் அவுட் செய்தார். அவர் தன் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட இருபத்தைந்தாவது சண்டை அது. அடுத்த ஆண்டு பட்டத்தோடே ஓய்வை அறிவித்தார். ஹெவிவெயிட்டில் அந்த 25ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

ஷட்டில் அக்கா:

ஸ்ரீகாந்த் என்றால் ஒருவர்தானா? 2017 ஜூன் 25, சிட்னி, ஆஸ்திரேலிய ஓப்பன் பேட்மின்டன் இறுதி ஆட்டம். நம் குண்டூர் கிடாம்பி ஸ்ரீகாந்த், ஒலிம்பிக் சாம்பியன் சென் லாங்கை 22-20, 21-16 என்று நேர் செட்டில் வீழ்த்தினார். அதற்கு முந்தைய வாரம்தான் இந்தோனேசிய ஓப்பனையும் எடுத்திருந்தார். சென் லாங்கிடம் அதற்கு முன்னால் ஆடிய எல்லா ஆட்டத்திலும் ஸ்ரீகாந்துக்குத் தோல்விதான். முதல் செட்டில் 20-20 என்று வந்தபோது அவர் பின்வாங்காமல் வலைக்கு ஓடி வந்து அடித்ததைப் பார்க்க வேண்டும். பேட்மின்டன் ஆடும் பிள்ளைகளுக்கு நான் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன்.

டென்னிஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம் ஆடிக் கடைசி செட் 70-68 என்று முடிந்தது எல்லோருக்கும் தெரியும். அது 2010 ஜூன் 24. மறுநாள் ஜூன் 25 அன்று இஸ்னர் அடுத்த சுற்றுக்கு வந்தார். கால் நகரவில்லை, தோள் எழவில்லை. நெதர்லாந்தின் டி பாக்கரிடம் 6-0, 6-3, 6-2 என்று ஒன்றேகால் மணி நேரத்தில் தோற்றார். முந்தைய ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் ஏஸ் போட்ட கை அது. சாதனைக்கு உடம்பு கொடுத்த விலை என்ன என்று அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தால்தான் புரியும். பால்கனிக்காரன் தம்பி கேட்ட "தோற்றவர்கள்" வரிசையில் இதையும் வையுங்கள்.

பத்தாம் நம்பர் சட்டை:

அக்கா, நெதர்லாந்து என்றதும் ஞாபகம் வந்தது. இந்தத் தேதி யாருக்காவது சொந்தம் என்றால் அது டச்சுக்காரர்களுக்குத்தான்.

1978, புவெனஸ் ஐரிஸ். அர்ஜென்டினாவுக்குக் கெம்பஸ் முன்னிலை கொடுக்க, 82வது நிமிடத்தில் நனிங்கா தலையால் முட்டிச் சமன் செய்தார். 90வது நிமிடத்தில் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கால் அடி உள்ளே போயிருந்தால் உலகக் கோப்பை நெதர்லாந்துக்கு. கூடுதல் நேரத்தில் கெம்பஸும் பெர்டோனியும் போட்டு 3-1.

பத்து வருடம் கழித்து அதே தேதியில் மியூனிக், ஐரோப்பியக் கோப்பை இறுதி, எதிரணி சோவியத் யூனியன். முதலில் குல்லிட் தலையால் ஒன்று. பிறகு 54வது நிமிடம். முஹ்ரன் இடதுபுறத்திலிருந்து உயரமாகத் தூக்கிப் போட, பந்து கீழே விழுமுன் வான் பாஸ்டன் கோல் கோட்டுக்கு ஒட்டிய அந்த மூலையிலிருந்து வாலி அடித்தார். தசாயேவ் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர், அவர் கைக்கு மேலே போய் வலைக்குள். அங்கிருந்து அடிப்பதற்குக் கணக்குப்படி இடமே கிடையாது. பயிற்சியாளர் மிகெல்ஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். டச்சு ஆண்கள் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை இன்றுவரை அதுதான்.

2006, நியூரம்பெர்க். போர்ச்சுகலிடம் 1-0 தோல்வி. 16 மஞ்சள் அட்டை, 4 சிவப்பு அட்டை. பார்சலோனாவில் ஒன்றாக ஆடிய டெகோவும் வான் பிராங்கோர்ஸ்டும் எதிரெதிர் அணியில் வெளியேற்றப்பட்டு, ஓரமாக ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் பார்க்கத் தகுந்த காட்சி அது ஒன்றுதான்.

ஷட்டில் அக்கா:

2019ஐ விட்டுவிட்டீர்கள். பெண்கள் உலகக் கோப்பை, ஜூன் 25, பிரான்சின் ரென் நகரம். நெதர்லாந்து 2, ஜப்பான் 1. இரண்டு கோலும் லீகே மார்டென்ஸ், இரண்டாவது 90வது நிமிட பெனால்டி. அங்கிருந்து இறுதிவரை போனார்கள். "டச்சுக்காரர்கள்" என்று பட்டியல் போடும்போது இந்தப் பெண்களும் அதில் இருக்க வேண்டும்.

பால்கனிக்காரன்:

கண்டிப்பாக அக்கா.

இப்போது என் ஓட்டைச் சொல்லிவிடுகிறேன். 1982 ஜூன் 25, ஸ்பெயினின் கிகோன் நகரம், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். யாரும் இதைத் தொடாதது எனக்கு ஆச்சரியம்.

அந்தப் பிரிவில் அல்ஜீரியா முதல் ஆட்டத்திலேயே மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்றிருந்தது. ஜூன் 24 அன்று சிலியையும் 3-2 என்று வென்று தன் மூன்று ஆட்டத்தையும் முடித்துக்கொண்டது. மறுநாள்தான் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அவர்கள் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. மூன்று கோல் என்றால் ஆஸ்திரியா வெளியே. இது இரண்டு அணிக்கும் முன்கூட்டியே தெரியும்.

பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் கோல் அடித்தார். அப்புறம் எண்பது நிமிடம் பந்தைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் பணநோட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளரே பார்ப்பவர்களை டிவியை அணைக்கச் சொன்னார். அல்ஜீரியா புகார் கொடுத்தது. விதியில் தவறில்லை என்று முடிவு அப்படியே நின்றது.

ஆனால் 1986 உலகக் கோப்பையிலிருந்து ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகின்றன. இன்று நாம் இரண்டு திரையில் மாற்றி மாற்றிப் பார்த்துப் பதறுகிறோமே, அந்தப் பதற்றத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தது அல்ஜீரியாவுக்கு நடந்த அநியாயம். நாலு கோப்பைகளை விட இந்த ஒரு விதி அதிக ஆட்டங்களை மாற்றியிருக்கிறது. எனக்கு அதுதான் இந்தத் தேதியின் பெரிய தருணம்.

சிங்காநல்லூரான்:

ஏற்க மாட்டேன். அவமானத்தைப் போய் எப்படித் தருணம் என்று கொண்டாடுவது? 1983 ஒரு நாட்டின் விளையாட்டையே மாற்றியது. நான்கு வருடத்தில் உலகக் கோப்பை முதல்முறையாக இங்கிலாந்தை விட்டு வெளியே, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தது. ஒரு நாள் ஆட்டத்தை நம் மக்கள் பெரிதாக மதிக்க ஆரம்பித்ததே அதன்பிறகுதான்.

பத்தாம் நம்பர் சட்டை:

சிங்காநல்லூர் அண்ணே, அவர் கொண்டாடவில்லை, நினைக்கச் சொல்கிறார். ஆனால் பால்கனிக்காரருக்கு என் பதில் வேறு. கிகோன் முதல் தடவை இல்லை. 1978ல் அர்ஜென்டினா ஜூன் 25 இறுதிக்கு எப்படி வந்தது? அதே பிரிவில் இருந்த பிரேசில் தன் ஆட்டத்தைப் போலந்துடன் முன்பே முடித்துவிட்டது. எத்தனை கோல் வேண்டும் என்று தெரிந்துகொண்டே அர்ஜென்டினா பெருவுடன் இறங்கியது. நாலு கோல் வித்தியாசம் வேண்டும், ஆறு போட்டது. அப்போதே விதியை மாற்றியிருந்தால் அல்ஜீரியாவுக்கு அந்த நிலை வந்திருக்காது. பிரேசில் அளவு பெரிய அணி பாதிக்கப்பட்டும் மாற்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பழைய வானொலி:

1978 பற்றிப் பேசும்போது ஒன்றை விடக்கூடாது. அந்த இறுதி ஆட்டம் நடந்த மைதானத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே ராணுவ ஆட்சியின் சித்திரவதைக்கூடம் இருந்தது. கடற்படைப் பள்ளி வளாகம். உள்ளே அடைபட்டிருந்தவர்களுக்கு மைதானத்தின் ஆரவாரம் கேட்டது என்று உயிர் பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். கெம்பஸின் ஆட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கோப்பையை என்னால் மற்றக் கோப்பைகளோடு வைக்க முடியாது.

பால்கனிக்காரன்:

வானொலி ஐயா, அதை எழுதியதற்கு நன்றி.

பத்தாம் நம்பர், உங்கள் வாதம் சரியானது. 1978லேயே மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அதனால்தான் கிகோன் முக்கியம் என்கிறேன். 1978ல் சந்தேகம் இருந்தது, நிரூபிக்க எதுவும் இல்லை. கிகோனில் உலகமே எண்பது நிமிடம் கண்ணால் பார்த்தது, மறைக்க வழியில்லை. 2026க்கு மூன்று அணிகள் கொண்ட பிரிவுகள் என்று முதலில் திட்டம் போட்டார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கும், மற்ற இரண்டும் பேசிவைத்து ஆடலாம் என்று எதிர்ப்பு வந்தபோது எல்லோரும் இழுத்த உதாரணம் கிகோன்தான். கடைசியில் நான்கு அணிப் பிரிவுக்கே திரும்பினார்கள்.

சிங்காநல்லூர் அண்ணே, 1983ஐ நான் குறைக்கவில்லை. இதுவரை ஓட்டு: 1983க்கு இரண்டு, மரடோனாவுக்கு ஒன்று, கிகோனுக்கு ஒன்று. பாக்சர், அக்கா, கிள்ளான் தம்பி மூவரும் இன்னும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

கிள்ளான் தம்பி:

எனக்கு 1932 அண்ணே. 19க்கு 3.

ராயபுரம் பாக்சர்:

ஜோ லூயிஸ், 1935.

ஷட்டில் அக்கா:

கிடாம்பி. அந்த 20-20ஐ ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எல்லோரும் மறுபடி ஓட்டுப் போடுங்கள்.